பெயரிடும் உரிமை: கதிர் என்ற பெண்பிள்ளையை முன்வைத்து

ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பது, அதனிடம் கேட்காமல் நாம் செய்கிற முதற் காரியங்களில் ஒன்று. பிறப்பும் கேட்காமல் நடப்பதுதான். ஆனால் பிறப்பில் இயற்கைக்கும் ஒரு பங்குண்டு. பெயருக்கான பொறுப்பு முழுக்கப் பெற்றோருடையது. அந்தப் பொறுப்பின் எல்லை எது? கேட்பவர்கள் ஆண்பிள்ளை என்று எண்ணக்கூடிய ஒரு பெயரைப் பெண்பிள்ளைக்கு வைக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா? உரிமை உண்டென்றாலும் அது நியாயமாகுமா? இவை எங்கள் வீட்டுத் தொலைபேசியில் வந்த கேள்விகள். அதனாலேயே இவற்றை ஒருமுறை நிதானமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் இருப்பது மொன்றியலுக்கு எதிர்க்கரையில், சென் லோறன்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, லொங்குய்யில். எங்களில் ஒருவர் ஊரில் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு வந்து இங்கே றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்பவர். மற்றவர் இப்போது பிள்ளையோடு வீட்டில். கியூபெக்கில் ஒரு பிள்ளை பிறந்தால் முப்பது நாட்களுக்குள் பிறப்பை அறிவிக்க வேண்டும். அந்த முப்பது நாட்களில் இருபதை நாங்கள் பெயருக்கே செலவழித்தோம். கடைசியில் படிவத்தில் எழுதிய பெயர் கதிர். கதிரினி அல்ல, கதிர்மதி அல்ல, கதிரழகி அல்ல. கதிர் மட்டும்.

முதலில் வந்தது அம்மம்மாவின் குரல். "என்ன பிள்ளை, பெடியனுக்கு வைக்கிற பேரைப் பெட்டைக்கு வைச்சிருக்கிறியள்? நாளைக்குக் கலியாணக் காட்டிலை ரெண்டு மாப்பிளையின்ரை பேர் இருக்கு எண்டெல்லோ சனம் சிரிக்கும்?" பிறகு, நட்சத்திரத்துக்குரிய எழுத்து 'க' அல்ல என்று ஒரு பெரியம்மா சொன்னார். எண்சாத்திரப்படி ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்தைக் கூட்டச் சொன்னார் ஒரு மாமா. குசினியில் எங்களோடு நிற்கிற அல்ஜீரியர் அதைக் 'காதர்' என்று விளங்கிக்கொண்டு, மகன் பிறந்ததற்காகக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். மகள் என்றதும் அவருக்கும் சற்றுச் சங்கடம்.

இந்த மறுப்புகளைப் பழமைவாதம் என்று ஒரே சொல்லால் தள்ளிவிடலாம். புலம்பெயர்ந்த எழுத்தில் நாம் பலமுறை செய்கிற வேலை அது. ஆனால் அம்மம்மாவின் சிரிப்புக்குள் ஒரு பயம் இருக்கிறது. ஊர் சிரிக்கும் என்றால் அந்தச் சிரிப்பைத் தாங்கப் போவது பிள்ளை. பெயரை வைத்தவர்கள் அல்ல. இந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும்.

முதலில், 'பெண்பெயர்' என்று நாம் சொல்வது எதை? எங்கள் பூட்டியின் பெயர் அன்னப்பிள்ளை. அவரது தலைமுறையில் பொன்னுப்பிள்ளை, சின்னப்பிள்ளை என்ற பெயர்களோடு யாழ்ப்பாணக் கிராமங்களில் எத்தனையோ பெண்கள் வாழ்ந்தார்கள். அதே 'பிள்ளை' கந்தப்பிள்ளை, வேலுப்பிள்ளை என்று ஆண்களின் பெயரிலும் நின்றது. தங்கம், இராசம், மணி, முத்து என்பவையும் இரு பக்கமும் போய்வந்த சொற்கள். இன்னும் பின்னால் போனால், சங்கப் பாடல்களைப் பாடியவர்களுள் பொன்முடியார், வெள்ளிவீதியார் போன்ற பெயர்கள் வருகின்றன. 'ஆர்' என்ற மரியாதை விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பெயரை மட்டும் வைத்து இவர் ஆணா பெண்ணா என்று முடிவு கட்ட முடியாத இடங்கள் இருப்பதால், சங்ககாலப் பெண்பாற் புலவர் எத்தனை பேர் என்ற கணக்கு ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடுகிறது. பாட்டின் மதிப்பு இதனால் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. ஷாவிலும் ஷிகாவிலும் முடியும், பொருள் தேட வேண்டாத, காதுக்கு மிருதுவான பெயர்தான் பெண்பெயர் என்பது மிக அண்மைக் காலத்து வழக்கம். அதைப் 'பண்பாடு' என்று காட்டிப் பூட்டியின் பெயரை மறந்துவிட்டோம்.

தமிழ் இலக்கணமும் இதில் அவ்வளவு பதற்றப்படவில்லை. கதிர் வந்தான், கதிர் வந்தாள். பால் வினைச்சொல்லின் முடிவில் வந்துவிடுகிறது. குழப்பம் இருந்தால் அது வாக்கியம் முடியும் வரைதான். கைக்குழந்தையை நாங்கள் 'அது அழுகுது', 'அது சிரிக்குது' என்றே சொல்கிறோம்; யாரும் கோபிப்பதில்லை. நாங்கள் பிழைப்புக்காகக் கற்கும் பிரெஞ்சில் மேசைக்கும் கதிரைக்கும்கூடப் பெண்பால் உண்டு. அந்தப் பிரெஞ்சிலேயே குளோட், டொமினிக் என்ற பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கின்றன. கதிரைக்குப் பால் பார்க்கிற ஒரு மொழி இந்தப் பெயர்களைப் பார்த்துப் பயப்படவில்லை.

அரசுகள் பயந்திருக்கின்றன. ஜேர்மனியில், எம்மவர் பல்லாயிரம் பேர் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த அந்த நாட்டில், ஒரு பெண்குழந்தைக்குக் கிரண் என்று பெயரிட்டார்கள். பெயரிலிருந்து பால் தெரியவில்லை, பால் தெளிவாகத் தெரியும் இன்னொரு பெயரும் சேர்க்க வேண்டும் என்றது பதிவு அலுவலகம். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2008 டிசெம்பர் 5ஆம் திகதி, ஒருவரின் பெயர் அவருடைய பாலை அறிவிக்க வேண்டும் என்று ஜேர்மன் சட்டத்தில் எங்கும் இல்லை என்று அந்த நீதிமன்றம் சொன்னது. பிள்ளையின் நலன் கெடுகிறதா என்பது மட்டுமே எல்லை. கிரண் என்ற வடசொல்லுக்குத் தமிழ், கதிர். எங்கள் மகளின் பெயர்தான் கார்ல்ஸ்றூ நீதிமன்றத்தில் நின்று வென்றிருக்கிறது.

ஐஸ்லாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். பிளைர் என்றால் அந்த மொழியில் இளந்தென்றல். அது இலக்கணத்தில் ஆண்பாற் சொல் என்பதால், பெண்பிள்ளைக்கு வைக்க முடியாது என்று பெயர்க் குழு மறுத்தது. தாய் அந்தப் பெயராலேயே மகளை அழைத்து வளர்த்தார். அரச தாள்களில் மட்டும் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சிறுமி' என்று எழுதியிருந்தது. 2013 ஜனவரி 31இல் றெய்க்யாவிக் நீதிமன்றம் அந்தப் பெயரை ஏற்றபோது அவருக்கு வயது பதினைந்து. 2019இல் அந்த நாடு பெயர்களுக்கு ஆண், பெண் என்ற வேலியையே சட்டத்தால் நீக்கிவிட்டது. பெயர் பாலைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதற்கு அந்தப் பதினைந்து வருடத் தாள்கள் சாட்சி. பால் மிஞ்சியது. பெயர் போய்விட்டது.

கியூபெக்கின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்குள்ள கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவுகளில் பெண்பிள்ளை என்றால் மரி என்றும் ஆண்பிள்ளை என்றால் ஜோசெப் என்றும் முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றப் பெயர்களை எழுதுவார்கள். அன்றாடம் அழைப்பது வேறு பெயரால். இன்றைய குடியியல் சட்டம் பாலைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. கேலிக்கு இடமாகும் அல்லது பிள்ளையின் மதிப்பைக் கெடுக்கும் விநோதமான பெயரானால், அதை மாற்றும்படி பெற்றோரிடம் சொல்லப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. பெற்றோர் மறுத்தால் மாகாணச் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்குப் போய், பொது வழக்கில் உள்ள இரண்டு பெயர்களைப் பிள்ளைக்கு இடும்படி கேட்கலாம்.

எங்கள் பெயரை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் அந்த 'பொது வழக்கு' என்ற சொல் எங்களை நிறுத்தியது. யாருடைய வழக்கு? லொங்குய்ய் என்பதே ஒரு காலத்தில் இங்கே வழக்கில் இல்லாத சொல். தியெப் துறைமுகத்திலிருந்து கடல் கடந்து வந்த ஷார்ல் லு முவான் என்பவருக்கு 1657இல் இந்த நிலம் கிடைத்தது. நோர்மண்டியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இன்று மெற்றோ நிலையத்தின் சுவரில் அந்தப் பெயர் இருக்கிறது. வந்தவர்கள் கொண்டுவந்து, தங்கி, திரும்பத் திரும்பச் சொன்னதே பொது வழக்காயிற்று. கதிரும் ஒருநாள் அப்படி ஆகலாம்; ஆகாமலும் போகலாம். ஆனால் இன்றைக்கு வழக்கில் இல்லை என்பது ஒரு பெயரின் குற்றம் ஆகாது.

பெயர் அறிவிக்க வேண்டும் என்ற இந்தக் கோரிக்கை எங்களுக்குப் புதியதல்ல. பெயரைப் பார்த்ததும் இனம் தெரிந்துவிடும் ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டுகிறபோது, எங்களுக்கு முன்பே எங்கள் பெயர் போய் எங்களைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. சாவடிகளுக்கு முன்பே, எங்கள் ஊருக்குள்ளேயே, பெயர் சாதியையும் அறிவித்தது. ஒருவர் கந்தசாமி, இன்னொருவர் வெறும் கந்தன். ஒடுக்கப்பட்டவர் தன் பிள்ளைக்கு மதிப்பான ஒரு பெயரை வைத்தால் அதைக் குறுக்கி அழைத்த வாய்கள் எங்கள் ஊர் வாய்கள்தான். யார் நீ என்பதற்கு முன் நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் கேள்வியைப் பெயரிடம் கேட்கப் பழகிவிட்டோம். இனத்துக்காகக் கேட்டால் அநியாயம் என்று எழுதுகிறோம். சாதிக்காகக் கேட்டால் வெட்கப்படுகிறோம். பாலுக்காகக் கேட்டால் மட்டும் அது அழகுணர்ச்சி ஆகிவிடுகிறதா?

இவ்வளவும் எங்கள் பக்கத்து நியாயம். இதற்கு எதிரான மிக வலுவான கேள்வி ரொறன்ரோவில் இருக்கிற தங்கையிடமிருந்து வந்தது. "அக்கா, உங்கட கோபத்தை ஏன் அந்தப் பிள்ளையிலை எழுதுறியள்?"

இந்தக் கேள்விக்கு முன் சட்டமும் இலக்கணமும் உதவாது. பெயரில் கோபத்தை எழுதுவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு கொடிய உதாரணம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிக்கு அருகே நாராயணபுரம் என்ற கிராமத்தில், பெண் குழந்தைகளே தொடர்ந்து பிறந்தால் அடுத்தவளுக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. போதும்பொண்ணு என்ற பெயரும் அதே வகை. மகாராஷ்டிரத்தில் அந்தப் பெயர் நகுசா, 'வேண்டாதவள்'. சதாரா மாவட்டத்தில் 2011 ஒக்டோபரில் அரசு ஒரு விழா எடுத்து 285 பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை நீக்கிப் புதுப் பெயர் சூட்டியது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நாளும் இடாப்புக் கூப்பிடும்போது, பெற்றோரின் ஏமாற்றத்துக்கு 'உள்ளேன்' சொன்ன பிள்ளைகள் அவர்கள்.

நாங்கள் வைத்தது அப்படிப்பட்ட பெயர் அல்ல என்று உடனே சொல்லலாம். ஆனால் தங்கையின் கேள்வி அதைவிட நுட்பமானது. 'வேண்டாம்' ஒரு முறைப்பாடு என்றால், பெற்றோர் தங்கள் கொள்கையைப் பிள்ளைக்குப் பெயராக வைப்பது என்ன? 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்த பெரியார், பெயர் சூட்டும்படி தன்னிடம் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயரிட்டார். சாதியும் சமயமும் ஒட்டாத பெயர் என்ற வகையில் அது பெரிய காரியம். ஆனால் அந்த அரசு 1991இல் கலைந்துபோன பிறகும் பெயரைச் சுமந்தவர்கள் சுமந்துகொண்டுதான் இருந்தார்கள். இதோடு மறைமலை அடிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வேதாசலம் என்ற தன் பெயரை 1916இல் தமிழாக்கிக்கொண்டபோது அவருக்கு வயது நாற்பது. கொள்கையும் அவருடையது, பெயரும் அவருடையது. தன் பெயரைக் கொடியாக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு. பிள்ளையின் பெயரைக் கொடியாக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. தங்கை சரியாகத்தான் கேட்டாள்.

இன்னொன்றும் உண்டு. பெண்ணுக்கு ஆண்பெயர் வைத்தால் 'துணிச்சல்' என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். ஆண்பிள்ளைக்கு மல்லிகா என்று வைத்தால் ஒருவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் எவ்லின், பெவர்லி, ஆஷ்லி எல்லாம் ஒருகாலத்தில் ஆண்பெயர்கள். பெண்களுக்கு வைக்கத் தொடங்கியதும் ஆண்பிள்ளைகளின் பெற்றோர் அவற்றைக் கைவிட்டார்கள். ஆகவே பெண்ணுக்கு வலிய பெயர் தேடுகிற பெற்றோர், பெண்மை என்பது குறைவு என்ற அதே கணக்கில் நின்றுகொண்டு, தங்கள் பிள்ளையை மட்டும் அந்தக் குறைவிலிருந்து தூக்கிவிடப் பார்க்கவும் கூடும். கதிர் என்ற பெயரை ஆணாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்திருந்தால் அது சிவகாமிக்கும் தெய்வானைக்கும் செய்கிற அவமதிப்பு. எங்களுக்குச் சூரியனிலிருந்து வருவதும் கதிர், வயலில் விளைவதும் கதிர். ஒரே சொல்லில் வெளிச்சமும் சோறும் இருந்தன. அது பிடித்திருந்தது. இரண்டுக்கும் ஆண் பெண் கிடையாது.

இனி, எங்களை வியக்க வைத்த ஒரு விடயம். எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று ஊரில் இருந்ததில்லை. தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும், அவ்வளவுதான். வெளிநாட்டுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்ததால் தகப்பனின் பெயர் குடும்பப் பெயராயிற்று. அதனால் எங்கள் மகளின் பெயரின் பின்பாதி அவளுடைய அப்பப்பாவின் பெயர். அது 'லிங்கம்' என்று முடிகிறது. கியூபெக்கில் 1981இலிருந்து பெண்கள் திருமணத்தின் பின்னும் பிறப்புப் பெயரிலேயே குடியியல் உரிமைகளைப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரையும் வைக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். அப்படித் தாயின் பெயரைச் சேர்த்திருந்தாலும் அது அம்மப்பாவின் பெயர்தான். அது 'நாதன்' என்று முடிகிறது. ஆக, கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் எம் பெண்பிள்ளைகளில் எத்தனையோ பேர் தங்கள் கடவுச்சீட்டில், வங்கி அட்டையில், பள்ளிச் சான்றிதழில் ஒரு முழு ஆணின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். லிங்கம் என்று முடியும் பெயர் பெண்ணுக்குப் பொருந்துமா என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. அம்மம்மா கேட்கவில்லை, சாத்திரியார் கேட்கவில்லை. கலியாணக் காட்டில் அதைக் கண்டு யாரும் சிரிக்கப் போவதுமில்லை.

அப்படியென்றால் ஆண்பெயர் பெண்ணுக்கு ஒட்டாது என்பதல்ல பிரச்சினை. ஆணின் பெயர் அவள்மேல் உரிமையாக நின்றால் அது இயல்பு. அவளுடைய சொந்தப் பெயராக நின்றால் அது விபரீதம். மிருதுவான முன்பாதியைக் கேட்கிறவர்கள் இந்தப் பின்பாதியையும் ஒருமுறை உரத்து வாசித்துப் பார்க்க வேண்டும்.

தங்கைக்கு நாங்கள் சொன்ன பதிலை இங்கே மூன்று கேள்விகளாக வைக்கிறோம். பெயர் வைக்கப் போகிற மற்றவர்களுக்கும் உதவக்கூடும். ஒன்று, இந்தப் பெயர் பிள்ளைக்கு ஒரு கட்டளையா? வீரமாய் இரு, அழகாய் இரு, அடக்கமாய் இரு என்று அது சொல்கிறதா? இரண்டு, இது யார்மீதாவது நாம் வைக்கிற முறைப்பாடா? பிறக்காத ஆண்பிள்ளைமீது, விட்டுவந்த ஊர்மீது, வந்து சேர்ந்த ஊர்மீது? மூன்று, பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் இதைக் கழற்றி வைக்க ஒரு வழி விட்டிருக்கிறோமா? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்றும் மூன்றாவதுக்கு 'ஓம்' என்றும் மனச்சாட்சியோடு சொல்ல முடிந்தால், அந்தப் பெயர் ஆண்பெயராய்த் தெரிகிறதா பெண்பெயராய்த் தெரிகிறதா என்பது சின்ன விடயம். பெயர் முதலில் கூப்பிடுவதற்கு. கூப்பிட்டதும் பிள்ளை திரும்பிப் பார்த்தால் அதன் வேலை முடிந்தது.

மூன்றாவது கேள்விக்காகவே நாங்கள் படிவத்தில் இன்னொரு பெயரும் எழுதினோம்: அன்னம். பூட்டி அன்னப்பிள்ளையின் பெயர் அது. ஜேர்மன் பதிவு அலுவலகம் கேட்டது போலப் பாலைத் தெளிவாக்க அதை எழுதவில்லை. இங்குள்ள சட்டப்படி பிறப்புப் பதிவில் உள்ள பெயர்களில் எதை வேண்டுமானாலும் ஒருவர் பயன்படுத்தலாம். கதிர் கனத்தால் அவள் அன்னமாக இருக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், பதினான்கு வயதானபின் பெயர் மாற்றத்துக்குத் தானே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

அம்மம்மா இப்போது அவளைக் 'கதிராச்சி' என்று கூப்பிடுகிறார். எங்கள் முடிவை அவர் ஏற்றுக்கொண்டாரா, அல்லது தன் வழியில் திருத்திக்கொண்டாரா என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை. பிள்ளை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறது.